காளிகாட் வகுப்பறை ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா? ரேடான் பரிசோதனை ஏன் தேவை?

டிசம்பர் காலையில் காளிகாட் மெட்ரோவில் இறங்கி, தென்னிந்தியர்கள் பல தலைமுறையாக வாழும் லேக் மார்க்கெட் பக்கம் நடந்தால் தெருவே புகைமூட்டமாக இருக்கும். இந்தப் பகுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோருக்கு ஒரு கேள்வி எழும்: வகுப்பறை ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?

பதில் அவ்வளவு சுலபமில்லை. வெளியிலிருந்து நுண்துகள், பிள்ளைகளின் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடு, தரைக்கு அடியிலிருந்து ரேடான் என மூன்று பக்கமிருந்தும் வகுப்பறைக் காற்று கெடுகிறது.

ரேடான் என்றால் என்ன?

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதையும்போது உருவாகும் கதிரியக்க வாயு. நிறமில்லை, மணமில்லை. தரை விரிசல், குழாய் இடுக்கு வழியாக உள்ளே வந்து, மூடிய அறையில் சேரும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-இல் இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது.

நீண்ட காலச் சராசரி அளவு ஒரு கனமீட்டருக்கு 100 பெக்கரல் கூடும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 16% உயர்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2009-இல் அது பரிந்துரைத்த வரம்பும் 100 பெக்கரல்தான். முடியாத இடங்களில்கூட 300-ஐத் தாண்டக் கூடாது.

கொல்கத்தாவில் ரேடான் இருக்குமா?

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் உள்ள பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றுகளில் ரேடான் வெளிப்படுவதை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். கொல்கத்தா நிற்பதோ ஆற்று வண்டல் மண்ணில். அதை வைத்து "இங்கே பயமில்லை" என்று சொல்லிவிட முடியாது. அடுத்தடுத்த இரண்டு கட்டடங்களில்கூட அளவு மாறும். அளந்தால்தான் தெரியும்.

அமெரிக்காவில் நடந்த தேசிய ஆய்வின்படி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பள்ளியில் குறைந்தது ஒரு அறையிலாவது அந்நாட்டு நடவடிக்கை வரம்பான 148 பெக்கரலைவிட அதிக ரேடான் இருந்தது. இந்தியாவில் பள்ளிகள் ரேடானை அளந்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை.

எப்படி அளப்பது?

பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய, உள்ளே பிலிம் வைத்த சிறிய டப்பா போன்ற கருவி உண்டு. அறையில் சுமார் மூன்று மாதம் தொங்கவிட்டால், பிலிமில் பதியும் தடங்களை எண்ணி சராசரி அளவைச் சொல்லிவிடலாம். தரைத்தளத்தில் பிள்ளைகள் அதிக நேரம் இருக்கும் அறைகளில் முதலில் வைக்க வேண்டும். ஜன்னல்கள் மூடியிருக்கும் குளிர்காலம் இதற்கு ஏற்றது.

அப்படியானால் ஜன்னல்?

திறந்தால் ரேடானும் கார்பன் டை ஆக்சைடும் குறையும்; ஆனால் பிஎம் 2.5 உள்ளே வரும். இதற்கு 24 மணிநேர வரம்பு இந்தியாவில் 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தில் 15. பாலிகஞ்சிலும் ரவீந்திர சரோபரிலும் உள்ள நிலையங்கள் வெளிக்காற்றைத்தான் அளக்கின்றன. வகுப்பறைக்குள் என்ன நிலவரம் என்பது அந்த எண்ணில் இல்லை.

"ஏர் பியூரிஃபையர் வாங்கிட்டா போதுமே?" என்று தோன்றலாம். அதன் ஃபில்டர் நுண்துகளைப் பிடிக்கும். ரேடான் வாயுவையும் கார்பன் டை ஆக்சைடையும் பிடிக்காது. ரேடான் அதிகமென்றால் விரிசல்களை அடைத்து, தரைக்கு அடியில் குழாய் போட்டு, விசிறி மூலம் வாயுவை வெளியேற்ற வேண்டும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் மூன்று கேள்விகள் போதும். தரைத்தள வகுப்புகளில் ரேடானை அளந்தீர்களா? வகுப்பு நடக்கும்போது கார்பன் டை ஆக்சைடு 1,000 பிபிஎம்-ஐத் தாண்டுகிறதா? வெளிக்காற்று மோசமான நாளில் ஜன்னலை எப்போது திறப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

முதல் இரண்டுக்கும் எண்கள் கையில் இருந்தால், மூன்றாவதற்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.