புழுங்கலரிசி காத்த உயிர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பிறகு உடம்பு வீங்கி, முற்றினால் இதயம் நின்றுவிடும். மாண்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளிகள். அதே மண்ணில் உழைத்த தமிழர்களை அந்த நோய் ஏறக்குறையத் தொடவே இல்லை.

தமிழர் ஒன்றும் செழிப்பாக வாழ்ந்துவிடவில்லை. கூலி குறைவு, குடியிருப்பு நெருக்கடி. வேறுபாடு சோற்றுப் பானையில் இருந்தது. மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இதைக் கூர்ந்து பார்த்து 1907-இல் ஒரு நூலே எழுதினார். சீனர் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. மலாய் மக்கள் அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசியைச் சமைத்தார்கள். தமிழருக்குப் புழுங்கலரிசிதான் வேண்டும். கெட்ட அரிசியில் நஞ்சு சேர்வதே காரணம் என்று பிராடன் நினைத்தது தவறு. ஆனால் அவர் கண்டது சரி.

நெல் அவிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பொறுமையான வேலை. நெல்லை ஊறவைத்து, அண்டாவில் கொட்டி, உமி இலேசாக வெடிக்கிற பதம் வரும்வரை ஆவி ஏற்ற வேண்டும். பிறகு களத்தில் பரப்பி, காலால் துழாவித் துழாவிக் காயவைத்துக் குத்த வேண்டும். பெரிபெரி வருவது தயமின் என்ற பி1 வைட்டமின் குறைவதால்தான். அவியும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் அந்தத் தயமின் நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுதும் தவிட்டோடு போய்விடாது. தலைமுறை தலைமுறையாக அண்டா முன்னால் நின்ற பெண்களுக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்றே சொல்ல வேண்டும்.

தவிட்டின் அருமையை ஆய்வுக்கூடத்தில் முதலில் காட்டியவை கோழிகள். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பதாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் ஐக்மான் வளர்த்த கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர் இராணுவச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் அவை எழுந்து நடந்தன. ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதர்களிடம் இதை உறுதிசெய்தவர்கள் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர்கள் ஃபிரேசரும் ஸ்டான்டனும். நெகிரி செம்பிலானின் ஜெலபு பகுதியில் சாலை போட்ட சுமார் 300 ஜாவாத் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளையரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார்கள். நோய் வெள்ளையரிசிக் கூட்டத்தில்தான் வந்தது. அரிசியை மாற்றியதும் நோயும் இடம் மாறியது.

இந்தியாவிலும் இதே கதைதான். பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழகத்தில் அரிது. குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி பற்றித் தொடங்கிய ஆய்வு 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், பின்னால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934-இல் காந்தி தொடங்கிய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராகி, தவிட்டோடு கூடிய கைக்குத்தல் அரிசிக்காகவும் அதைக் குத்துபவரின் பிழைப்புக்காகவும் வாதாடினார். அரிசி ஆலைகளை அவர் எதிர்த்தது இரண்டையும் மனத்தில் வைத்துத்தான்.

ஆலைகள்தான் வென்றன. நெல் அவிப்பதும் ஆலைக்குள் போனது. அதனால் இன்றைய புழுங்கலரிசியில் தயமின் ஓரளவு தங்குகிறது. ஆனால் பளபளப்பாகத் தீட்டும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. பெரிபெரி மறைந்த ஊர்களில் இப்போது சர்க்கரை நோய். சென்னையில் உடல் எடை கூடியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், வெள்ளையரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி சாப்பிட்ட நாட்களில் இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது.