கேஸ்லைட் - அழிக்கப் பார்த்த படம்

'கேஸ்லைட்டிங்' என்ற வார்த்தையை 2022ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ஆண்டின் சொல்லா அறிவிச்சது. அது பேட்ரிக் ஹாமில்டன் 1938ல் எழுதின நாடகத்திலிருந்து வந்த வார்த்தை. அதுக்கப்புறம் வந்த படம்னாலே எல்லாரும் இங்க்ரிட் பெர்க்மன் நடிச்ச 1944 ஹாலிவுட் படத்தைத்தான் சொல்வாங்க. நான் சொல்ல வந்தது அதுக்கு நாலு வருஷம் முந்தி, 1940ல் தோரால்ட் டிக்கின்சன் இங்கிலாந்துல எடுத்த படத்தை.

கதை விக்டோரியா காலத்து லண்டன்ல நடக்குது. கணவன் பொருளை ஒளிச்சு வச்சுட்டு மனைவிதான் தொலைச்சுட்டாள்னு சொல்லிச் சொல்லியே, அவள் தன் புத்தியையே நம்பாத அளவுக்குக் கொண்டு போறான். ராத்திரி வெளியே போற மாதிரி போயிட்டு, யாருக்கும் தெரியாம மேல்மாடியில பழைய மாணிக்கக் கற்களைத் தேடுறான். அங்கே அவன் விளக்கேத்தினா கீழே இவள் அறையில வெளிச்சம் மங்கும். ஒரே குழாயில வர்ற கேஸ், பங்கு போட வேண்டாமா? பக்கத்துல மோட்டார் போட்டா நம்ம பல்பு மங்குமே, அதே சமாச்சாரம். அவள் கண்ணால பார்க்கிறாள், ஆனா உண்மைன்னு நம்பப் பயப்படுறாள்.

இந்தக் கதையைத் திரும்ப எடுக்கும் உரிமையை எம்.ஜி.எம். வாங்கினப்போ, பிரிட்டிஷ் படத்தோட நெகட்டிவையும் பிரிண்டுகளையும் அழிச்சிடணும்னு கேட்டாங்களாம். போட்டிக்கு இன்னொரு படம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நடந்ததை நடக்கவே இல்லைன்னு சொல்ற வில்லன் கதைக்கு இப்படி ஒரு கம்பெனி! டிக்கின்சனே ரகசியமா ஒரு பிரிண்ட் எடுத்து வச்சார்னு சொல்றாங்க. எப்படியோ தப்பிச்சது. 1952ல் அமெரிக்காவில 'ஏஞ்சல் ஸ்ட்ரீட்' என்ற பேர்ல வெளியாச்சு. 2013ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ப்ளூ-ரேயாவும் போட்டுட்டாங்க.

பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைச்சது நியாயம்தான், மறுக்கலை. ஆனா ஹாலிவுட்ல துப்பறிய வர்றவர் ஜோசப் காட்டன். அழகன். காப்பாத்தினதும் அடுத்து காதல்னு நமக்கே தெரிஞ்சுடும். 1940ல் வர்றவர் குண்டான, வயசான ரிட்டையர்டு போலீஸ்காரர். அவர் அவளை நம்புறதுக்கு வேற காரணம் எதுவும் இல்லை, அவள் சொல்றது உண்மைங்கறதைத் தவிர. அதனாலயே எனக்கு இதுதான் பிடிக்குது.

வில்லன் ஆன்டன் வால்ப்ரூக். நாஜிகளுக்குப் பயந்து இங்கிலாந்து வந்த ஆஸ்திரியக்காரர். குரலை உயர்த்தாமலே மிரட்டுவார் பாருங்க, சார்லஸ் பாயர் ரொம்பப் பின்னாடி. ரெண்டையும் பார்க்கறதா இருந்தா இதை முதல்ல பாருங்க :-)