அம்மி கொத்தலையோ

திருத்தணியில் பாட்டி வீட்டுத் தெருவில் அவ்வப்போது ஒரு குரல் கேட்கும்: "அம்மி கொத்தலையோ... ஆட்டுக்கல் கொத்தலையோ..." 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தில் இருந்த ஊர், பாட்டி பாதி தெலுங்கில்தான் பேரம் பேசுவாள். வந்தவர் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, தேய்ந்து வழவழப்பான கல்லில் புள்ளி புள்ளியாகக் கொத்துவார். காசு கொடுத்து நல்ல கல்லைக் கெடுக்கிறாங்களேன்னு எனக்குத் தோன்றும்.

1699-இல் பிரான்சில் உராய்வை ஆராய்ந்த அமோன்தோனும் கிட்டத்தட்ட என் கட்சிதான். பரப்பிலுள்ள மேடுபள்ளங்கள் ஒன்றில் ஒன்று மாட்டுவதால்தான் உராய்வு என்றார். அப்படியானால் இழைக்க இழைக்க உராய்வு குறைந்துகொண்டே போக வேண்டும். போகவில்லை. மிக வழவழப்பான இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பரப்புகள் சில நுனிகளில் மட்டுமே தொடுகின்றன, அந்த நுனிகள் பற்றவைத்ததுபோல ஒட்டுகின்றன என்று பவுடனும் டேபரும் 1950-இல் வெளிவந்த தங்கள் நூலில் விளக்கினார்கள்.

இன்ஜினியரிங் படிக்கும்போது இன்ஜின் சிலிண்டரின் உள்சுவரைப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள். வேண்டுமென்றே போட்டவை. எண்ணெய் அவற்றில் தங்கும். பிஸ்டன் வளையம் காய்ந்த உலோகத்தில் உரசாது. 1990களில் இஸ்ரேலில் எட்சியோன் குழுவினர் இயந்திர சீல்களுக்கு இதே வேலையை நுண்குழிகளால் செய்தார்கள். பரப்பு நகரும்போது குழியில் எண்ணெயின் அழுத்தம் கூடி, எதிர்ப்பரப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும்.

அம்மியில் கொத்துவது பிடிப்புக்கு. சிலிண்டரில் கீறுவது வழுக்கலுக்கு. வேலை ஒன்றுதான், பலன் நேரெதிர். நடுவில் இருப்பது மிளகாயா எண்ணெயா என்பதைப் பொறுத்தது. இரண்டிலும் குழியின் ஆழமும் இடைவெளியும்தான் எல்லாம். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கொத்திய அம்மியில் முதலில் அரிசியை அரைத்துக் கொட்டுவாள் பாட்டி, கல்துகள் போக. புது வண்டியை மெதுவாக ஓட்டி, முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றச் சொல்வதும் அதற்குத்தான்.

இப்போது மிக்ஸி வந்துவிட்டது. அந்தக் குரல் தெருவில் இல்லை. கொல்லையில் கிடந்த அம்மியைப் போன வருஷம் நானே கொத்திப் பார்த்தேன். ஆழம் கூடிப்போச்சு. மூன்று தடவை அரிசி அரைத்துக் கொட்டியும் சட்னியில் மண் கடித்தது. எவ்வளவு ஆழம் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். அவர் பேரைக்கூட நான் கேட்டதில்லை.