மருமகன் கேட்ட கேள்விகள்

ஃபெரோஸ் காந்தி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது உறவுமுறைகள்தான். நேருவின் மருமகன், இந்திராவின் கணவர், ராஜீவின் அப்பா. அந்தக் குடும்பத்துக்குக் 'காந்தி' என்ற பெயர் எப்படி வந்தது என்று டீக்கடை விவாதம் நடக்கும்போது அவர் பெயர் அடிபடும். அதோடு சரி. எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. முந்த்ரா விவகாரத்தைப் பற்றிப் படிக்கப் போனபோதுதான், சுதந்திர இந்தியாவில் நாடாளுமன்றக் கேள்வி என்ற ஆயுதத்தை முதன்முதலில் முழுசாகப் பயன்படுத்திக் காட்டியவர்களில் அவர் ஒருவர் என்று தெரிந்துகொண்டேன். அதுவும் எதிர்க்கட்சியில் இருந்து அல்ல, ஆளும் காங்கிரஸ் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு!

1952 பொதுத்தேர்தலில் உத்தரப்பிரதேசத்தின் ரேபரேலி பகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார். முதல் மூன்று ஆண்டுகள் அவர் பெரிதாக எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. மாமனார் பிரதமர், மருமகன் பின்வரிசையில் அமைதியாக இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1955 டிசம்பர் 6 அன்று காப்பீட்டுச் சட்டத் திருத்தத்தின் மீது பேச எழுந்தார். பேசியது தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் உள்விவகாரம். பாலிசிதாரர்கள் கட்டிய பணத்தை முதலாளிகள் தங்களுடைய மற்ற கம்பெனிகளுக்கு எப்படித் திருப்பிவிடுகிறார்கள் என்பதை, ராமகிருஷ்ண டால்மியாவின் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியை உதாரணமாக வைத்துக் கணக்குகளோடு விளக்கினார். டால்மியா அன்று நாட்டின் மிகப்பெரிய பணக்காரர்களில் ஒருவர். பின்னர் இந்த வழக்கில் சிறைக்கும் போனார்.

அந்தப் பேச்சு முடிந்து ஆறு வாரம்தான். 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசே எடுத்துக்கொள்வதாக நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அறிவித்தார். ஒரு பேச்சால்தான் இது நடந்தது என்று சொல்வது மிகை. அரசுக்குள் அந்த யோசனை முன்பே இருந்தது. ஆனால் அதற்கான பொதுக்கருத்தை உருவாக்கியதில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. நம் வீடுகளில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும் அந்த பாலிசிப் பத்திரத்தின் பூர்வீகம் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். நாடாளுமன்றத்துக்குள் ஓர் உறுப்பினர் என்ன பேசினாலும் அவர் மேல் வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 105ஆம் பிரிவு பாதுகாக்கிறது. ஆனால் அந்தப் பேச்சை அப்படியே அச்சிடும் பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு தெளிவாக இல்லை. 'இன்ன முதலாளி இவ்வளவு பணத்தைச் சுருட்டினார் என்று உறுப்பினர் பேசினார்' என்று செய்தி போட்டால், அந்த முதலாளி பத்திரிகையைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். அப்படியானால் பேசி என்ன பயன்? அவைக்குள் இருக்கும் சில நூறு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? நேஷனல் ஹெரால்ட் பத்திரிகையை நிர்வகித்த அனுபவம் ஃபெரோஸுக்கு இருந்தது. பத்திரிகைக்காரர்களின் பயம் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். நல்லெண்ணத்தோடு, பெருமளவு உண்மையாக வெளியிடப்படும் நாடாளுமன்றச் செய்திகளுக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் அது. 1956இல் நிறைவேறியது. 'ஃபெரோஸ் காந்தி சட்டம்' என்றே பலரும் அதைச் சொன்னார்கள். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவந்து சட்டமான மசோதாக்கள் இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் மொத்தமே 14தான். கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல்!

சரி, முந்த்ராவுக்கு வருவோம்.

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தாவைச் சேர்ந்த தொழிலதிபர். பங்குச்சந்தையில் விளையாடியே பல பழைய பிரிட்டிஷ் கம்பெனிகளைக் கைப்பற்றியவர். 1957 நடுவில் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தார். அந்த ஜூன் மாதத்தில் எல்.ஐ.சி. அவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் எல்லாம் அதில் அடக்கம். முதலீடுகளைப் பரிசீலிக்க எல்.ஐ.சி.யிலேயே ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதைக் கேட்கவே இல்லை. எல்.ஐ.சி. தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தனியார் முதலாளி பாலிசிதாரர் பணத்தில் கை வைக்கிறான் என்று சொல்லித்தானே அரசு அதை எடுத்துக்கொண்டது?

பத்திரிகையில் இது பற்றி ஒரு செய்தி வந்தது. 1957 செப்டம்பரில் அதை வைத்து மக்களவையில் கேள்வி எழுப்பியவர் ராம் சுபக் சிங், அவரும் காங்கிரஸ்காரர்தான். (பிற்காலத்தில் 1969இல் மக்களவையின் முதல் அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் ஆனவர் இவரே.) அரசுத் தரப்பில் வழவழா பதில் ஒன்று வந்தது. பெரும்பாலான கேள்விகள் இந்த இடத்தில் செத்துப்போகும். அடுத்த நாள் வேறு கேள்வி, வேறு செய்தி.

கேள்வி நேரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் கேள்வி கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வார். குறி இல்லாததற்கு எழுத்தில் பதில் வரும், அதன் மேல் எதுவும் கேட்க முடியாது. நட்சத்திரக் கேள்வியின் உண்மையான பலம் முதல் கேள்வியில் இல்லை. அதற்கான பதிலை அதிகாரிகள் அழகாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அமைச்சர் படித்துவிடுவார். அதன் பிறகு எழும் துணைக் கேள்விகளுக்குத்தான் அமைச்சர் சொந்தமாகப் பதில் சொல்ல வேண்டும். நம் வைவா தேர்வு மாதிரி. ரெக்கார்டு நோட்டில் இருப்பதைப் படிப்பது சுலபம், அடுத்து 'ஏன்?' என்று கேட்டால்தான் வேர்க்கும். இந்தக் கேள்விகளுக்குச் சந்தையில் ஒரு விலை இருந்தது என்பது 2005இல் தெரிந்தது. காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கச் சம்மதித்த 11 உறுப்பினர்கள் அந்த டிசம்பரில் பதவி இழந்தார்கள்.

ஃபெரோஸ் விஷயத்தை விடவில்லை. நவம்பர் இறுதியில் மறுபடியும் கேள்வி வந்தது. இந்த முறை பதில் சொன்னவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நம் டி.டி.கே.தான். அந்த ஆண்டுதான் சென்னை தெற்குத் தொகுதியில் வென்று அவைக்கு வந்திருந்தார். அறிவாளி, சுருக்கென்று பேசக்கூடியவர். அவருடைய பதில்கள் யாரையும் திருப்திப்படுத்தவில்லை. டிசம்பர் 16 அன்று எல்.ஐ.சி. முதலீடு பற்றித் தனியாக விவாதமே நடந்தது.

அந்தப் பேச்சை ஃபெரோஸ் ஆரம்பித்த விதமே தனி. தான் அடித்தால் பலமாகத்தான் அடிக்கும் வழக்கம் என்றும், அதைவிடப் பலமாகத் திருப்பி அடி விழும் என்று எதிர்பார்ப்பதாகவும் சொன்னார். எதிர்த்தரப்பின் கையிலும் டி.என்.டி. வெடிமருந்து ஏராளமாக இருப்பது தெரியும் என்று டி.டி.கே.யின் பெயரைச் சீண்டினார். :-) ஆனால் பேச்சின் பலம் நக்கலில் இல்லை. நாடாளுமன்றமே உருவாக்கிய மிகப்பெரிய நிதி நிறுவனத்தை நாடாளுமன்றம்தானே கண்காணிக்க வேண்டும் என்பது அவர் வாதம். எந்தப் பங்கு, என்ன விலை, முந்த்ராவுக்கு அப்போது என்ன நெருக்கடி என்று அடுக்கிக்கொண்டே போனார். அரசு விசாரணைக்குச் சம்மதிக்க வேண்டியதாயிற்று.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார். அவர் செய்த நல்ல காரியம், விசாரணையைக் கதவைத் திறந்துவைத்து நடத்தியது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதித்துறைச் செயலர் எச்.எம். படேல், ரிசர்வ் வங்கி ஆளுநர் எச்.வி.ஆர். ஐயங்கார், நிதியமைச்சர் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். கல்கத்தா பங்குச்சந்தை சரியாமல் தாங்கிப் பிடிக்கத்தான் வாங்கினோம் என்ற வாதத்தைச் சாக்ளா ஏற்கவில்லை. 1958 பிப்ரவரி 10இல் அறிக்கை தயார். ஜனவரியில் நியமனம், பிப்ரவரியில் அறிக்கை! இன்றைய விசாரணை ஆணையங்கள் கால நீட்டிப்பு வாங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்பக் கஷ்டமான செய்தி.

டி.டி.கே. காசு வாங்கினார் என்று ஆணையம் சொல்லவில்லை. தன் செயலர் செய்த காரியத்துக்கு அமைச்சர்தான் அரசியல் சட்டப்படி பொறுப்பு, எனக்குத் தெரியாது என்று தப்பிக்க முடியாது என்றது. அந்த மாதமே அவர் பதவி விலகினார். நேருவுக்கு இதில் மிகுந்த வருத்தம். டி.டி.கே.க்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நம் பக்கத்தில் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963இல் மறுபடியும் நிதியமைச்சர் ஆனார். எச்.எம். படேலும் 1977இல் ஜனதா ஆட்சியில் நிதியமைச்சர் ஆனார். யாருடைய வாழ்க்கையும் முடிந்துவிடவில்லை. முந்த்ரா மட்டும் சிறைக்குப் போனார்.

ஃபெரோஸ் அதன் பிறகும் நிறுத்தவில்லை. டாடாவின் டெல்கோ கம்பெனி ரயில் எஞ்சின்களுக்கு அதிக விலை வாங்குகிறது, அதை நாட்டுடைமையாக்க வேண்டும் என்று கேட்டார். டாடாவும் பார்சி, இவரும் பார்சி. கட்சி, குடும்பம், சமூகம் என்று எந்தப் பக்கமும் அவர் நல்ல பெயர் வாங்கவில்லை. 1960 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பில் இறந்தார். 48 வயது நிறைவதற்கு நான்கே நாட்கள் இருந்தன.

மேலே சொன்ன அந்தச் சட்டத்தின் கதை இன்னும் பாக்கி இருக்கிறது. ரேபரேலி தொகுதியில் 1967 முதல் நின்றவர் இந்திரா. 1975 ஜூனில் அவருடைய வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நெருக்கடி நிலை வந்தது. ஜூலையில் கூடிய நாடாளுமன்றத்தில் முதல் வேலையாகக் கேள்வி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது, 1976இல் அது முழுச் சட்டமானது. அது ரத்து செய்தது ஃபெரோஸ் காந்தி சட்டத்தை. கணவர் கொண்டுவந்ததை மனைவியின் அரசு எடுத்துவிட்டது. அவைக்குள் இருந்த எதிர்க்கட்சியினர் என்ன பேசினாலும் வெளியே வராது என்ற நிலை.

1977 மார்ச்சில் அதே ரேபரேலியில் இந்திரா தோற்றார். புதிதாக வந்த ஜனதா அரசு சில வாரங்களிலேயே அந்தச் சட்டத்தை மறுபடி கொண்டுவந்தது. மறுபடி யாரும் சுலபமாக நீக்க முடியாதபடி, 1978இன் 44ஆவது திருத்தம் அதே பாதுகாப்பை 361ஏ பிரிவாக அரசியல் சட்டத்துக்குள்ளேயே சேர்த்தது. கேள்வி நேரத்துக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி ஒரு கூட்டத்தொடர் முழுக்க அது இல்லாமலேயே நடந்தது. எழுத்தில் பதில் வரும் கேள்விகளை மட்டும் அனுமதித்தார்கள். துணைக் கேள்வி கேட்க வழியில்லை.