வால்வு செட்டும் அறுந்த ஒயரும்

மதுரைப் பக்கம் திருவிழா என்றால் 'ரேடியோ செட்' கட்டாமல் இருக்காது. மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர், பந்தலில் ஒரு ஆம்ப்ளிஃபயர். டிரான்சிஸ்டர் பரவும் வரை அது வால்வு செட்தான். 1936ல் அமெரிக்காவின் ஆர்சிஏ கொண்டுவந்த 6எல்6 போன்ற வால்வுகளின் காலம் அது. நம்ம நாட்டில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961ல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது.

அந்த செட்டுக்கு ஒரு விதி உண்டு: ஸ்பீக்கர் மாட்டாமல் பாட்டு போடக்கூடாது. ஏன்?

வால்வு 400, 500 வோல்ட்டில் ஓடும். அதை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கர் கழன்றால், டிரான்ஸ்ஃபார்மரில் சேரும் காந்த சக்திக்குப் போக இடமில்லை. அதனால் வால்வு பக்கச் சுற்றில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கில் எகிறும். உள்ளே கம்பியின் காப்பு ஓட்டையாகும், அல்லது வால்வு சாக்கெட்டில் தீப்பொறி பறக்கும்.

திருவிழா செட்டில் இன்னொரு கணக்கும் இருக்கு. 100 வோல்ட் லைன், 50 வாட் செட், 5 வாட் வீதம் பத்துக் குழாய் என்று வைப்போம். மொத்த லோடு 200 ஓம். தெருக்கோடியில் ஒரு குழாய் அறுந்தால் 222 ஓம் ஆகும், செட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செட்டை ஒட்டிய முதல் இணைப்பு பிடுங்கினால் பத்தும் ஒரே நொடியில் போச்சு. ஆபத்து தூரத்து மரத்தில் இல்லை, மேஜைக்குப் பக்கத்திலேயே.

டிரான்சிஸ்டர் வந்ததும் பயம் தலைகீழானது. அதற்கு ஒயர் அறுந்தால் கவலையில்லை; இரண்டு ஒயர் ஒட்டினால்தான் சேதம். வால்வு செட்டோ ஷார்ட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும். அதனால்தான் ஃபெண்டர் கிடார் ஆம்ப்ளிஃபயர்களில், பிளக்கை உருவினால் அவுட்புட் தானாக ஷார்ட் ஆகும்படி ஜாக் வைத்தார்கள். டிரான்சிஸ்டர் பழக்கத்தில் இருப்பவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும்!

இன்று பழைய செட்டை வாங்கி உயிர்ப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். முதல் இணைப்பைத் திருகி இறுக்குங்கள். மேலே சொன்ன 100 வோல்ட் லைனுக்கு, செட்டின் அவுட்புட்டிலேயே 2000 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடலாம். முழு சத்தத்தில் அது 5 வாட்தான் தின்னும். முழுக் காப்பு இல்லை, ஆனால் எகிறும் மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும். வால்வு போனால் வேறு வால்வு மாட்டலாம். டிரான்ஸ்ஃபார்மர் போனால், அதே மாதிரி சுற்றித் தரும் ஆளைத் தேடி அலைய வேண்டும்.