மதுரைக் கடைவீதிப் புலவர்கள்

என்னிடம் முன்பு பயின்ற இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இரவில் கவிதை எழுதுபவர். “உத்தியோகத்தை விட்டாலன்றிக் கவிஞனாக முடியாது போலிருக்கிறதே, ஐயா!” என்றார். நான் அறிவுரை எதுவும் கூறவில்லை. சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு முறை படித்து வரும்படி சொன்னேன். மாணவ நண்பர்களே, உங்களுக்கும் அதையே சொல்ல விழைகின்றேன்.

அப்பெயர்களை வாய்விட்டுப் படித்தால் பழைய மதுரையின் கடைவீதியில் நடப்பது போலிருக்கும். அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் உலைக்களத்தில் அமர்ந்தவர். பண்டவாணிகன் இளந்தேவனார் ஒருவர். கணக்காயனாரும், இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனாரும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள். வாழ்நாளெல்லாம் சுண்ணக்கட்டியோடு உழன்ற எனக்கு இவ்விருவரிடமும் சற்று ஓரவஞ்சனையான அன்பு உண்டு.

இவை வெறும் குடிப்பெயர்களாக இருக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரே பெயருடைய புலவர்களைப் பிரித்தறியவே தொகுத்தோர் தொழிலையும் சேர்த்தனர் என்றும் கூறலாம். ஆனால் மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகையைப் பாருங்கள். சமண முனிவர்களுக்குக் கொடை அளித்தோர் பெயர்கள் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. அவை கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்பர் அறிஞர். அவர்களுள் மதுரைப் பொற்கொல்லன் உண்டு. உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் ஆகியோரும் உண்டு. கொழு என்பது ஏர்முனை இரும்பு. தொழிலைச் சொல்லியே தம் பெயரைக் கல்லில் பொறித்துக்கொண்ட ஊர் அது. பாட்டின் தலைப்பில் அதை மறைக்க வேண்டுமென எவருக்குத் தோன்றும்?

பரிசில் பெற்று வாழ்ந்த புலவர்களின் துன்பத்தைப் புறநானூற்றில் காண்கிறோம். பெருஞ்சித்திரனார் வீட்டு வறுமை கல்லையும் கரைக்கும். இளவேட்டனாரோ புறத்தில் பாடியது ஒன்றே. அகநானூறு, நற்றிணை, குறுந்தொகையில் உள்ளவை அகப்பாடல்கள். அகத்தலைவனுக்குப் பெயரும் இல்லை; அவனிடம் பெறப் பரிசிலும் இல்லை. கடை சோறு போட்டது. பாட்டு தன் விருப்பப்படி நடந்தது. கடை இல்லாதிருந்தால் இன்னும் பல பாடியிருப்பாரோ என்னவோ! அந்த இழப்பே இல்லை என்று நான் வாதாடமாட்டேன்.

கூலவாணிகன் சாத்தனாரிடம் வருவோம். கூலம் என்றால் தானியம். சங்கப் பாடல்களைப் பாடிய சாத்தனாரும் மணிமேகலை ஆசிரியரும் ஒருவரே தாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மணிமேகலையின் பதிகம் தன் ஆசிரியரைக் கூலவாணிகன் என்றே கூறுகிறது. அக்காப்பியத்தில் பசி ஒரு முக்கியமான பொருள். தானியம் அளந்த கை அல்லவா?

பாண்டி நாட்டில் பன்னிரண்டு ஆண்டு மழை பொய்த்த செய்தி அதில் வருகிறது. அப்போது நெல் என்ன விலை விற்கும் என்பதைக் கூலக் கடைக்காரர் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. ஆபுத்திரன் கதையும் அதில்தான் வருகிறது. அவன் மதுரையில் பிச்சையேற்று, குருடர், முடவர், ஆதரவற்றோர் ஆகியோரை முதலில் உண்பித்துவிட்டு எஞ்சியதை உண்பவன். மழை பெய்யும் நள்ளிரவில் வழிநடந்து வந்தோர் பசி என்று அவனை எழுப்புகின்றனர். கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் கலங்கி நிற்கிறான். அந்த வேளையில் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியை அவன் கையில் தருபவள் சிந்தாதேவி. அவள் மதுரையின் கலைக்கோயிலில் குடிகொண்ட கல்வித் தெய்வம். சோற்றுப் பாத்திரத்தை அவள் கையில் வைத்துப் பாடியவர், பகலெல்லாம் நெல்லும் வரகும் அளந்தவர்.