அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தால் வரிச்சலுகை உண்டா? நன்கொடை விதிகள் சொல்வது என்ன?

ஆடிப்பூரத் தேரோட்டம் வந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்னதானப் பந்தல்கள் முளைத்துவிடும். ஒருத்தர் அரிசி மூட்டை இறக்குவார், இன்னொருத்தர் காய்கறி கொடுப்பார். பக்கத்து ராஜபாளையமும் சளைத்த ஊரில்லை. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் அது.

சரி, இப்படிக் கொடுப்பதற்கு வருமான வரியில் கழிவு உண்டா?

பொருளாகக் கொடுத்தால் கிடையாது. அரிசி, வேட்டி, சேலை, குழந்தைகள் இல்லத்துக்கு வாங்கிப்போகும் பால்கோவா எதுவுமே 80ஜி கணக்கில் வராது. பணமாகத்தான் கொடுக்கணும். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் அந்த மொத்தத் தொகைக்கும் கழிவு இல்லை. செக், யுபிஐ என்றால் பிரச்சினையில்லை.

80ஜி பதிவுள்ள அறக்கட்டளை என்றால் பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்குத்தான் கழிவு. அதற்கும் வருமானத்தில் 10% என்ற வரம்பு உண்டு. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு முழுத் தொகையும் கழியும். 20% வரி கட்டுபவர் ஓர் அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் கொடுத்தால் மிச்சமாவது செஸ் சேர்த்து 1,040 ரூபாய். இதெல்லாம் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறைதான் இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதில் இந்தக் கழிவே இல்லை. சம்பளக்காரர்கள் பலர் ரசீதை வாங்கி வைத்துவிட்டு, கடைசி நேரத்தில்தான் இதைக் கவனிக்கிறார்கள்.

வாங்குகிற பக்கமும் சுமைதான். கொடுத்தவர் விவரத்தை மே 31-க்குள் 10பிடி படிவத்தில் ஏற்றி, 10பிஇ சான்றிதழ் தரணும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். தனி கணக்காளர் இல்லாத சின்ன முதியோர் இல்லத்துக்கு இது லேசான வேலையில்லை.

மில்கள் நிறைந்த ஊரில் சிஎஸ்ஆர் பணம் கிடைக்காதா? நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே ஒரு நிறுவனம் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2% செலவிடணும். உள்ளூருக்கு முன்னுரிமை என்றும் 2013 கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பணியைச் செய்துதர ஒரு தனி அறக்கட்டளை முன்வந்தால் 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவுகளோடு 3 ஆண்டு அனுபவமும் தேவை. நேற்று தொடங்கிய அமைப்புக்கு அந்தக் கதவு திறக்காது.

கொடுப்பதற்கு முன் ரசீதில் அறக்கட்டளையின் பான் எண்ணும் 80ஜி பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 10பிஇ வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். வெறும் ரசீதை வைத்துக் கழிவு கோர முடியாது.